அரைவெள்ளை: சுவர், வெளிச்சம், வாடகை

மயிலாப்பூரில் ஆறு வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். "பெயின்டிங்குக்கு" என்றார். சென்னையில் வாடகைக்கு இருந்த யாருக்கும் இது புதிதில்லை. பத்திரத்தில் எழுதியிருக்கிறதோ இல்லையோ எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. "உங்களுக்கு முன்னாடி இருந்தவங்ககிட்ட நான் பிடிக்கல சார். ஒரு கோட்டு போதும்னு விட்டுட்டேன். இது மூணு கோட்டாவது ஆகும். கிச்சன்ல வாடை போகணும்ல?" என்றார். அந்த வீட்டில் நாங்கள் மீன் சமைத்தது மூன்றோ நான்கோ தடவை. அதுவும் சன்னலைச் சாத்திக்கொண்டு.

அடையாற்றில் கிடைத்த வீட்டின் சொந்தக்கார அம்மா வேறு மாதிரி. "பெயின்ட் செலவு என்னுது தம்பி. கலரு நீங்களே சொல்லிடுங்க. வெள்ளையா இருக்கட்டும், ஆனா ஆஸ்பத்திரி மாதிரி வேணாம். கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒரு ஹாஃப் ஒயிட்." நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக ஒரு சுவரின் நிறத்தைத் தீர்மானிக்கும் உரிமை என் கைக்கு வந்தது. பத்து நாள் அலைந்தேன். அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இந்தப் பக்கங்களில் பெயின்ட் பற்றியா என்று கேட்கும் நண்பர்கள், தங்கள் வீட்டுச் சுவரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பிறகு கேட்கட்டும்.

'ஆஃப் ஒயிட்' என்ற ஆங்கிலச் சொல் நம்மூர் ஜவுளிக் கடையிலும் பெயின்ட் கடையிலும் எப்போதோ 'ஹாஃப் ஒயிட்' ஆகிவிட்டது. தப்பு என்று திருத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அது தப்பாகப் படவில்லை. 'ஆஃப்' என்றால் வெள்ளையிலிருந்து விலகியது. வெள்ளை என்கிற மையம் அங்கே அப்பழுக்கில்லாமல் இருக்கிறது, இது அதிலிருந்து வழுவிய ஒன்று. 'ஹாஃப்' என்றால் பாதிதான் வெள்ளை, மீதி வேறொன்று. அந்த மீதி என்ன என்று கேட்பதில்தான் அரைவெள்ளையைத் தேர்ந்தெடுக்கும் காரியம் முழுதும் இருக்கிறது.

தி. நகர் கடையில் அதைக் கண்ணாலேயே பார்த்தேன். வெள்ளை பேஸ் டப்பாவைத் திறந்து மெஷினுக்குக் கீழே வைக்கிறார்கள். கணினியில் ஷேடு எண்ணைத் தட்டினால் குழாய்களிலிருந்து சாயம் சொட்டுகிறது. சந்தன வாடை அடிக்கும் கிரீம் வெள்ளைகளில் மஞ்சள் ஆக்சைடும் கொஞ்சம் சிவப்பு ஆக்சைடும் விழுகின்றன. நான் கேட்ட 'குளிர்ச்சி' வெள்ளையில் என்ன விழுகிறது என்று கடைப் பையனைக் கேட்டேன். "பிளாக்கு சார். அதான் மெயினு. ப்ளூ சும்மா ஒரு பொட்டு." சில வெள்ளைகளில் நீலத்துக்குப் பதில் பச்சை. ஆக, உயர்தரக் குளிர் வெள்ளை என்று விற்கப்படுவது வெள்ளைக்குள் கருப்பைச் சொட்டி உண்டாக்கப்படுவது. வெள்ளை/கருப்பு என்ற இருமை எதிர்வை வைத்து நாம் எழுதித் தள்ளிய கட்டுரைகள் எத்தனை! பையன் டப்பாவை மூடிக் குலுக்கும் மெஷினில் மாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டான்.

அட்டையில் தனியாகப் பார்த்தால் எல்லா அரைவெள்ளையும் வெள்ளையாகத்தான் தெரியும். மீதி என்ன என்று கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, ஜெராக்ஸ் எடுக்கும் வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைப்பது. உடனே ஒன்று மஞ்சளிக்கும், ஒன்று சாம்பலாகும், ஒன்று லேசாக ரோஸ் காட்டும். இன்னொன்று, அதே பட்டையில் கீழே இருக்கும் அடர்ந்த நிறத்தைப் பார்ப்பது. மேலே ஒளிந்துகொண்டிருப்பது அங்கே வெளிப்படையாக நிற்கும். கீழே பாசிப் பச்சை இருந்தால் மேலே உள்ள வெள்ளையும் ஒருநாள் சுவரில் பச்சைதான் காட்டும்.

இந்தக் குளிர் வெள்ளை ஏதோ பன்னாட்டுக் கம்பெனி கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். திண்டிவனம் பக்கம் எங்கள் காலனியில் பொங்கலுக்கு முன்னால் அம்மா செய்தது இதைத்தான். சுட்ட கிளிஞ்சலைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் புகைந்து கொதிக்கும். நாங்கள் தள்ளி நிற்க வேண்டும். கண்ணில் பட்டால் கண் போகும். இரண்டு மூன்று நாள் ஊறியதும் துணியில் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியும் உப்பும் சேர்த்து, கடைசியில் துணிக்குப் போடும் நீலப் பவுடரை ஒரு சிட்டிகை முடிந்து உள்ளே அலசுவாள். "ஏம்மா நீலம், வெள்ளைதான அடிக்கிறோம்?" என்று கேட்டால், "நீலம் போட்டாத்தான்டா வெள்ள" என்பாள். தட்டிப் பிசிறாக்கிய பனமட்டையால் அடித்த அன்றைக்குச் சுவர் ஈரமாக அழுக்குப் போலக் கிடக்கும். மறுநாள் காலையில் கண் கூசும்.

அம்மாவின் இரண்டு செயலுக்கும் பௌதிகம் இருக்கிறது. வெள்ளை என்பது பொருளின் நிறமல்ல. ஒளி நுண்துகள்களில் பட்டு எல்லாத் திசையிலும் சிதறுவதுதான் நமக்கு வெள்ளை. உப்பும் சர்க்கரையும் தனித்தனிப் பரலாகக் கண்ணாடி போன்றவை, குவித்தால் வெள்ளை. துகளின் ஒளிவிலகல் எண்ணுக்கும் அதைச் சூழ்ந்திருக்கும் ஊடகத்தின் எண்ணுக்கும் இடைவெளி கூடினால் சிதறல் கூடும். சுண்ணாம்பு ஏறத்தாழ 1.6, தண்ணீர் 1.33, காற்று 1. ஈரச் சுவரில் இடைவெளி குறைவு, அதனால் பின்னாலிருக்கும் மண் தெரிகிறது. தண்ணீர் போய் அந்த இடத்தில் காற்று புகுந்ததும் வெள்ளை பிறக்கிறது. கூடவே காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி, நீர்த்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. ஒளி ஊடுருவும் பச்சை இருக்கலாம், ஒளி ஊடுருவும் வெள்ளை ஏன் இருக்க முடியாது என்று விட்கென்ஸ்டைன் தன் கடைசிக் காலத்தில், 1950–51இல், நிறம் பற்றிய குறிப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அதைத் தர்க்கத்தின் கேள்வியாகக் கேட்டார். எங்கள் ஈரச் சுவர் அவருக்குப் பதில் ஆகாது. ஆனாலும் வெள்ளை ஊடுருவும் நிலையிலிருந்து ஊடுருவா நிலைக்குப் போவதை ஒரே இரவில் பார்க்கலாம்.

நீலம் இன்னும் சுவாரஸ்யமானது. சுண்ணாம்பில் இயல்பாகவே ஒரு மஞ்சள் சாயை உண்டு. நம் கண் அதைப் பழசு, அழுக்கு என்று வாசிக்கிறது. அல்ட்ராமரைன் எனப்படும் அந்த நீலம் ஒளியின் மஞ்சள் பகுதியை விழுங்கிவிடுகிறது. அதாவது சுவரிலிருந்து திரும்பி வரும் மொத்த வெளிச்சம் குறைகிறது, வெள்ளை கூடியதுபோல் தெரிகிறது. வெள்ளை என்பது வெளிச்சத்தின் அளவு அல்ல, பார்வையின் பழக்கம். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்த கல்லை அரைத்துப் பொன் விலைக்கு விற்ற நீலம் இது. 1820களின் இறுதியில் பிரான்சில் செயற்கையாகச் செய்யக் கற்றபின் சலவைக்குப் போகும் பொருளானது. சுண்ணாம்பின் காரத்தை இது தாங்கும்; பிரஷ்ய நீலம் தாங்காது, நிறம் கெட்டுவிடும். எந்த நீலத்தை எதில் போடலாம் என்பது அம்மாவுக்கு ரசாயனம் படிக்காமலே தெரிந்திருந்தது.

இதே கிளிஞ்சல் சுண்ணாம்பில்தான் சென்னையின் பழைய பெருமையும் நிற்கிறது. 'மெட்ராஸ் சுண்ணம்' என்று உலகமெல்லாம் பேசப்பட்ட பூச்சு. மூன்று பூச்சு, கடைசிப் பூச்சில் மாவாக அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர், மாக்கல் பொடி எல்லாம் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள், முகம் தெரியும்வரை. 1780–83இல் இந்தியாவில் பயணம் செய்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், கடலிலிருந்து பார்க்கும்போது கோட்டைக்குள் இருந்த கட்டடங்கள் பளிங்குபோல் மின்னியதை வியந்து எழுதியிருக்கிறார். பளிங்கு போல் மின்னிய அந்தக் கோட்டைக்குப் பெயர் வெள்ளையர் நகரம். வெளியே இருந்தது கறுப்பர் நகரம். வரைபடத்திலேயே அப்படித்தான் எழுதினார்கள். கறுப்பர் நகரம் 1911இல் மன்னர் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. உப்பங்கழிகளில் கிளிஞ்சல் பொறுக்கியவர்களும் சூளை எரித்தவர்களும் கல்லால் தேய்த்தவர்களும் அந்தப் பளபளப்புக்குள் குடியிருந்தவர்கள் இல்லை.

ஒரு பக்கக் குறிப்பு. மெட்ராஸ் சுண்ணத்தில் முட்டை. பிறகு வந்த பழைய பவுடர் டிஸ்டம்பரில் ஒட்டுவதற்கு வஜ்ஜிரம், அதாவது மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. 'சைவர்களுக்கு மட்டும்' என்று பலகை தொங்கும் எத்தனை வீடுகளின் சுவரில் அடிப்பூச்சாக வஜ்ஜிரம் இன்னும் இருக்கிறதோ! மயிலாப்பூர் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அட்வான்ஸ் அவர் கையில் இருந்தது, சொல்லவில்லை.

வெள்ளைக்கும் தூய்மைக்கும் முடிச்சுப் போட்டதில் நம் ஊர் மட்டும் தனி இல்லை. சண்டிகரைக் கட்டிய லெ கொர்புசியே 1925இல் ஒரு புத்தகத்தில் ஒரு சட்டமே முன்மொழிந்தார்: ஒவ்வொரு குடிமகனும் வீட்டிலிருக்கும் திரைச்சீலை, பூப்போட்ட தாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெள்ளை ரிப்போலின் பெயின்ட் அடிக்க வேண்டும், அழுக்கு மூலைகள் இல்லாமல் போகும், பிறகு மனதும் சுத்தமாகும். நவீனத்துவத்தின் இந்த வெள்ளையை 'எதுவும் இல்லாத நிலை' என்று நம்மில் பலர் நம்பினோம், நானும்தான். அலங்காரம் இல்லாதது, சாதி இல்லாதது, ஊர் இல்லாதது. ஆனால் எதை மறைக்க இந்தப் பூச்சு என்று கேட்டால் கொர்புசியேவும் என் பழைய வீட்டுக்காரரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். முன்பு இருந்தவனின் தடயத்தை. வெள்ளையடிப்பது என்பது ஒரு அழித்தெழுதல், அந்தச் செலவையும் அழிக்கப்படுகிறவனிடமே வாங்குவதுதான் சென்னையின் விசேஷம்.

சரி, அடையாற்று வீட்டுக்கு வருகிறேன்.

ஷேடு கார்டோடு கடைகளில் கொடுக்கும் யோசனைகள் பெரும்பாலும் குளிர் நாட்டிலிருந்து வந்தவை. 'வடக்குப் பார்த்த அறையில் குளிர்ந்த வெளிச்சம், அதனால் அங்கே வெதுவெதுப்பான வெள்ளை. தெற்குப் பார்த்த அறைக்குக் குளிர் வெள்ளை.' லண்டனுக்கு இது சரி. அங்கே நண்பகல் சூரியன் எந்த நாளிலும் தெற்கேதான். சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. கத்திரி வெயில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னலுக்குள் சாய்ந்து விழும். ஆக, நம் ஊரில் வடக்கு அறை ஆண்டில் ஏறக்குறைய நான்கு மாதம் வெயில் அறை. திசையை நம்பாதீர்கள், அறையைப் பாருங்கள். இந்த ஒரு பிழையால் பச்சை மஞ்சளாகிப்போன படுக்கையறைகள் இரண்டு எனக்குத் தெரியும்.

அறைக்குள் வரும் ஒளி நேராக வருவதில்லை, எதிலாவது பட்டுத்தான் வருகிறது. என் புது வீட்டு வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம். முன்னறை காலை முழுக்கப் பச்சைத் தண்ணீரில் மிதப்பது போலிருக்கும். அங்கே பச்சைச் சாயை உள்ள அரைவெள்ளை அடித்தால் முகமெல்லாம் நோயாளி முகமாகிவிடும்; நீலமும் கருப்பும் மட்டும் சேர்ந்ததுதான் சரி. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரை. குளிர் வெள்ளைச் சுவரின் கீழ்ப்பாதியில் அந்தச் சிவப்பு ஏறி லேசான ரோஸாகத் தெரியும்; எனக்கு அது பிடிக்கும், பிடிக்காதவர்கள் இன்னும் கொஞ்சம் சாம்பல் கூடியதை எடுக்க வேண்டும். தி. நகர் ஒட்டுக்குடித்தனங்களில் சன்னலைத் திறந்தால் நாலடியில் பக்கத்து வீட்டுச் சுவர். பகலிலும் ட்யூப்லைட். 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் எல்இடி விளக்கே நீலம் கலந்தது, அதன் கீழே குளிர் வெள்ளை பிணவறைதான். வெளிச்சம் குறைந்த அறைக்குக் குளிர் வெள்ளை கூடாது என்பதுதான் என் முடிவு. வெயில் கொட்டும் அறைக்குத்தான் அது. இருட்டு அறைக்கு ஒரு துளி மஞ்சள் உள்ள வெள்ளை, அல்லது விளக்கை மாற்றுவது. விளக்கு பெயின்டைவிட மலிவு.

ஐப்பசி, கார்த்திகையில் மழை மூட்டத்தில் எல்லாக் குளிர் வெள்ளையும் சிமென்ட் போல மங்கும். அந்த இரண்டு மாதத்தைச் சகித்துக்கொள்ள முடியுமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் முடியும் என்றேன். என் மனைவி முடியாது என்றாள். உள்ளறை அவள் தேர்வு.

சோதித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட்டு அடித்துக் காயவைத்து, ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு மாற்றி மாற்றிச் சாய்த்து, காலை ஏழுக்கும் நண்பகலிலும் மாலை ஐந்துக்கும் விளக்குப் போட்ட பிறகும் பார்க்க வேண்டும். பழைய நிறத்தின் மேலேயே ஒரு திட்டு அடித்துப் பார்ப்பது வீண். சுற்றியிருக்கும் நிறம் கண்ணை ஏமாற்றும். பளபளப்பு வேண்டாம். நம் கொத்தனார்களின் கரண்டி வேலையில் இருக்கும் மேடு பள்ளத்தை ட்யூப்லைட்டில் ஒன்றுவிடாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

'குளிர்ச்சி' என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது. உட்சுவரில் கிரீம் அடித்தாலும் குளிர் வெள்ளை அடித்தாலும் அறையின் வெப்பம் மாறாது, கண்தான் குளிரும். சூடு குறைய வேண்டுமானால் மொட்டை மாடிக்கு வெள்ளையடிக்க வேண்டும். அதற்கு இன்றைக்கும் சுண்ணாம்பு போதும்.

சுண்ணாம்பே போதும் என்று சொல்லக்கூடிய இன்னொரு இடம், ஓதம் ஏறும் பழைய சுவர்கள். சாந்தோம், மயிலாப்பூர்ப் பக்கம் சுண்ணாம்புக் காரையில் கட்டிய தரைத்தள வீடுகளில் புட்டி பார்த்து எமல்ஷன் அடிக்கிறார்கள். அது தோல் மாதிரி மூடிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பொரிந்து, ஒரே மழைக்காலத்தில் அப்பளமாக உதிரும். சுண்ணாம்பு மூச்சுவிடும், அதன் காரத்தில் பூஞ்சை பிடிக்காது. நீலம் போட்ட சுண்ணாம்பைவிட நல்ல குளிர் அரைவெள்ளை அந்தச் சுவர்களுக்கு எந்த டப்பாவிலும் இல்லை. ஆனால் அடிக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள், கை வெந்து பாளம் பாளமாக வெடிக்கும் வேலைக்கு யார் வருவார்கள்?

டப்பா வெள்ளையின் மர்மம் டைட்டானியம் டை ஆக்சைடு. ஒளிவிலகல் எண் 2.7, அதனால்தான் ஈரத்திலும் மறைக்கிறது, இரண்டே கோட்டில் எல்லாத் தடயத்தையும் மூடுகிறது. இது இல்மனைட் என்ற கருமணலிலிருந்து வருகிறது. மறுபடியும் கருப்பு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அந்த மணல் இருக்கிறது, அரசு நிறுவனம் அதை எடுத்துப் பிரிக்கிறது. தாதுமணல் எடுப்பதைத் தென்மாவட்டங்களில் தமிழக அரசு 2013இல் நிறுத்திவைத்தது. 2024இல் கிள்ளியூர் வட்டத்துக் கடலோரக் கிராமங்களில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். என் முன்னறைச் சுவரில் எந்தக் கடற்கரை இருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்காது.

ஈயம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற 2016ஆம் ஆண்டு விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, சன்னல் எனாமலை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள். எங்கள் பெயின்டர் முதலில் சிரித்தார். "இருபத்தஞ்சு வருஷமா இத முழுங்கிட்டுதான் சார் இருக்கேன்." முகமூடி வாங்கிக் கொடுத்தேன். மதியம்வரை போட்டிருந்தார்.

அவர் சுரண்டியபோது உள்ளறைச் சுவரில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கிரீம், வான நீலம், ரோஸ், கடைசியில் சுண்ணாம்பு வந்தன. கதவோரம் பென்சிலில் ஏதோ குழந்தையின் உயரக் கோடுகள், பக்கத்தில் தேதி இல்லாமல் எண்கள். "மூடிடவா சார்?" என்று கேட்டார். மூடத்தான் வேண்டியிருந்தது, புட்டி கலந்தாகிவிட்டது.

வாடகைச் சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பராமரிப்பில் யாருக்கு எது பொறுப்பு என்று பிரிக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில் இருக்கின்றன. வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முன்பணமும் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளவும் இடம் வைத்திருக்கிறது, அந்த இடுக்கில்தான் வீட்டுக்காரர்கள் நுழைகிறார்கள். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் பெயின்டிங் என்ற சொல் பத்திரத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வாடகை அதிகார அமைப்பில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லியும் கேளுங்கள். எங்களுடையது வழக்கமான பதினொரு மாதப் பத்திரம், பதிவு செய்யாதது. அதில் பெயின்ட் பற்றி ஒரு வரியும் இல்லை.

முன்னறைக்கு நீலமும் கருப்பும் விழுந்த ஹாஃப் ஒயிட், உள்ளறைக்கு மஞ்சள் ஒரு துளி, மாடிக்குச் சுண்ணாம்பு. சொந்தக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, "சமையக்கட்டுக்கு என்ன தம்பி பண்ணப் போறீங்க? மீன் பொரிச்சா சுவரு மஞ்சளடிக்குமே" என்றார். துடைத்தால் போகிற மாதிரி ஒன்று அடித்திருக்கிறோம் என்றேன். "அப்ப சரி" என்றார்.

பழைய வீட்டுக்காரருக்கு இரண்டாம் அட்டவணையின் நகலை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. வாங்கிக்கொண்டதற்குச் சான்று வந்துவிட்டது. பணம் வரவில்லை.